ஒளிக்கு ஒரு மதகு

ஏரியில் நீர் நிறைந்திருத்தல் மட்டும் உழவனுக்குப் போதாது. அந்நீர் வேண்டிய காலத்தில், வேண்டிய வாய்க்காலில், வேண்டிய அளவிற் பாய்தல் வேண்டும். மதகில்லா ஏரியால் ஊருக்கு விளையும் பயன் சிறிது; கேடோ பெரிது. ஒளியும் இத்தகையதே. வானம் தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் ஏறத்தாழ 1000 வாட் அளவுள்ள ஆற்றலைக் கதிரவன் பொழிகின்றான். அவ்வொளியே பயிரை வளர்க்கின்றது. தகடுகளின் மேல் விழுந்து மின்சாரமாகின்றது. வீட்டினுள் புகுந்து இருளை ஓட்டுகின்றது. அவ்வொளியே கோடையில் கூரையைச் சுட்டு, சுவரைக் காய்ச்சி, உள்ளிருப்போரை வாட்டவும் செய்கின்றது.

வேண்டிய ஒளியை உள்ளே விட்டு, வேண்டாததைப் புறத்தே நிறுத்தி, உள்ளே தங்கிய வெப்பத்தையும் வெளியே போக்கவல்ல மதகு ஒன்று உண்டாயின், அதனினும் சிறந்த உதவி மக்களுக்கு வேறு யாது? அத்தகைய மதகினை அறிஞர் பலர் இக்காலத்தில் அமைத்து வருகின்றனர். அதன் கதவுகள் மரத்தாலோ இரும்பாலோ ஆனவை அல்ல. கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலங்களால் ஆனவை. அப்படலங்கள் தோன்றிய வரலாறும், அவை ஒளியை ஆளும் முறையும், அவற்றால் விளையும் நன்மையும் இப்பாடத்திற் கூறப்படும்.

முதற்கண் அளவினை அறிதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாகப் பகுத்தால், அவற்றுள் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். நாம் எழுதும் தாளின் தடிப்பு ஏறத்தாழ ஓர் இலட்சம் நானோமீட்டர். இனி, ஒளி என்பது அலையாய்ப் பரவுவது. ஓர் அலையின் முகட்டிற்கும் அடுத்த அலையின் முகட்டிற்கும் இடைப்பட்ட தொலைவே அலைநீளம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதா நிறத்தின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டர்; சிவப்பின் அலைநீளம் ஏறத்தாழ 700 நானோமீட்டர். சிவப்பினும் நீண்ட அலைகள் அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படும். அவற்றைக் கண் காணாது. ஆயினும், அடுப்பின் அருகே நிற்பவனுடைய தோல் அவற்றை வெப்பமாக உணரும்.

ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவிலோ, அதனினும் சிறிய அளவிலோ ஒரு பொருளை வகுத்து அமைத்தால், அப்பொருள் ஒளியை விரும்பியவாறு திருப்பவும், தடுக்கவும், செலுத்தவும் வல்லதாகின்றது. ஆதலின் ஒளியை ஆள விரும்புவோர் நானோமீட்டர் அளவிலே பொருள்களைக் கையாளக் கற்றல் வேண்டும். அக்கல்வி ஒரு குளக்கரையில் தொடங்கியது எனின் வியப்பாக இருக்கும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் அமெரிக்கப் பேரறிஞர் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், இலண்டனைச் சார்ந்த கிளாப்பம் என்னும் இடத்திலுள்ள குளத்தில் ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெயை ஊற்றினார். காற்றால் அலைந்துகொண்டிருந்த நீரின்மேல் எண்ணெய் விரைந்து பரவிற்று. சிறிது நேரத்தில் அரை ஏக்கர் அளவுள்ள நீர்ப்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் அமைதியுற்றது. இச்செய்தியைக் கூறும் அவருடைய கட்டுரை 1774ஆம் ஆண்டில் வெளிவந்தது. தேக்கரண்டி எண்ணெயின் கன அளவை அரை ஏக்கர்ப் பரப்பினால் வகுத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். அவ்வெண்ணெய்ப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ இரண்டு நானோமீட்டரே ஆகும். பிராங்க்ளின் இக்கணக்கைச் செய்து பார்த்தாரில்லை. அதனால் பொருளின் மிகச் சிறிய அளவு தம் கண்முன் விரிந்து கிடந்தும், அதனை அவர் அறியாது போயினார்.

ஒரு நூறாண்டுக்குப் பின்னர், ஜெர்மனி நாட்டின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் நங்கை வாழ்ந்தார். அந்நாளில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணும் பொறுப்பும் அவர்மேல் இருந்தது. ஆயினும் அவருடைய அறிவு வேட்கை தணியவில்லை. இயற்பியல் பயின்ற தம்பி அனுப்பிய நூல்களைக் கற்றார். எண்ணெய்ப் பசையுள்ள பாத்திரங்களைக் கழுவிய நீரின் மேற்பரப்பு நடந்துகொள்ளும் முறை அவர் கருத்தைக் கவர்ந்தது. தகரத்தால் ஒரு சிறு தொட்டி செய்து, அதன்மேல் நகர்த்தத்தக்க தகட்டினை வைத்து, நீரின்மேல் மிதக்கும் படலத்தை நெருக்கியும் விரித்தும் அளந்தார். தாம் கண்ட உண்மைகளை 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். தாமும் அத்துறையில் ஆய்ந்துகொண்டிருந்த அப்பெருந்தகை, கடிதத்தின் அருமையை உணர்ந்து, அதனை ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவரச் செய்தார். பிறர் அறிவைத் தம் அறிவாகக் காட்டிக்கொள்ள எண்ணாத அவர் பண்பும், வீட்டு வேலைக்கிடையே ஆராய்ந்த அந்நங்கையின் ஊக்கமும் ஒருங்கே போற்றத்தக்கன. அறுபத்தொன்பது ஆண்டுகள் நிரம்பிய பின்னர், 1932ஆம் ஆண்டில், அவருடைய ஊரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று.

பொக்கெல்ஸ் காட்டிய வழியில் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர் மேலும் சென்றார். அவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். பரப்புகளைப் பற்றிய வேதியியல் ஆய்வுக்காக 1932ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். நீரின்மேல் பரவும் எண்ணெய்ப் பொருள்கள் ஒற்றை மூலக்கூறின் தடிப்பே உடைய படலமாக அமைகின்றன என்பதை அவர் தெளிவுபடுத்தினார். அவருடைய உடனாய்வாளராய் விளங்கியவர் கேதரின் பிளாட்ஜெட் அம்மையார். இவர் 1926ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி ஆவார்.

நீரின்மேல் மிதக்கும் படலத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் எடுத்தேற்ற முடியுமா என்று பிளாட்ஜெட் ஆராய்ந்தார். சவர்க்காரத்தை ஒத்த பேரியம் ஸ்டியரேட் என்னும் பொருளின் படலம் பரந்த நீரில் ஒரு கண்ணாடித் தகட்டை மெல்ல அமிழ்த்தி, மெல்ல வெளியே எடுத்தார். அமிழ்த்தும்போது ஒரு படலமும், எடுக்கும்போது ஒரு படலமுமாக அத்தகட்டில் ஒட்டின. சுவருக்கு வெள்ளையடிப்போர் ஒரு பூச்சின்மேல் மறுபூச்சு இடுதல்போல, வேண்டிய எண்ணிக்கையில் படலங்களை அடுக்க இயன்றது. ஒரு படலத்தின் தடிப்பு இரண்டரை நானோமீட்டருக்குச் சற்றே குறைவு. ஆகவே படலங்களை எண்ணினால் தடிப்பு தெரிந்துவிடும். அதற்கு முன்னர் எவரும் இத்துணை நுட்பமாகப் படலம் அமைத்ததில்லை.

இவ்வாறு 44 படலங்களை அடுக்கிய கண்ணாடியை 1938ஆம் ஆண்டில் அவர் உலகுக்குக் காட்டினார். அக்கண்ணாடியில் ஒளி பளபளக்கவில்லை. எதிரே நின்றோர் உருவம் தெரியவில்லை. கண்ணாடி அங்கிருப்பதே புலப்படவில்லை. தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் அது தன்னூடே செல்லவிட்டது.

இவ்வற்புதம் நிகழ்ந்த முறையைச் சற்று நின்று நோக்குவோம். வெறுங்கண்ணாடியின் ஒரு முகம் தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். முன்முகம் நான்கு, பின்முகம் நான்கு என எட்டுப் பங்கு ஒளி இவ்வாறு கழிகின்றது. கண்ணாடியின்மேல் ஒரு படலம் இருப்பின், ஒளி இரண்டு இடங்களில் திரும்புகின்றது. படலத்தின் மேற்பரப்பில் ஒரு பகுதி திரும்பும். படலத்தினுள் சென்று கண்ணாடியைத் தொட்டு மற்றொரு பகுதி திரும்பும். பின்னது சற்றுத் தாமதித்தே முன்னதை வந்து சேர்கின்றது. படலத்தின் தடிப்பு, அதனுள் செல்லும் ஒளியினது அலைநீளத்தில் கால் பங்காக இருக்குமாயின், உள்ளே சென்று மீளும் அலை அரை அலைநீளம் பின்தங்கும். அப்போது ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால் எழும் அலை வட்டங்கள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்து நீரை அமைதியாக்குவது போல, இங்கே திரும்பும் ஒளிகள் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. அங்ஙனமாயின் அவ்வொளியின் ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழிவதில்லை. திரும்பும் வழி அடைபட்டமையால், அது கண்ணாடியினூடே முன்னேறிச் செல்கின்றது. ஒரு வாய்க்கால் அடைபட்டால் நீர் மற்றொரு வாய்க்காலில் மிகுதியாகப் பாய்வது போன்றதே இதுவும். 44 படலங்களின் மொத்தத் தடிப்பாகிய நூற்றைந்து நானோமீட்டர் அளவு, பச்சை ஒளிக்கு மிகப் பொருத்தமான கால் பங்காக அமைந்ததே இதன் நுட்பம்.

பிளாட்ஜெட் அமைத்த படலம் மென்மையானது, துடைத்தால் போய்விடும். பிற அறிஞர்கள் மெக்னீசியம் புளோரைடு முதலிய உப்புக்களைக் காற்றற்ற கலத்தினுள் ஆவியாக்கிக் கண்ணாடியிற் படியவைத்து, உறுதியான படலங்களை ஆக்கினர். இந்நாளில் ஒளிப்படக் கருவியின் வில்லைகளிலும் மூக்குக் கண்ணாடிகளிலும் காணப்படும் மெல்லிய ஊதா அல்லது பச்சைச் சாயல், இத்தகைய படலம் உண்டென்பதற்கு அடையாளமாகும்.

இயற்கையும் இக்கலையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றது. விட்டில் முதலிய இரவில் பறக்கும் பூச்சிகள் சிலவற்றின் கண்களை மிக நுண்ணிய கருவி கொண்டு நோக்கினால், ஏறத்தாழ 200 நானோமீட்டர் அளவுள்ள சிறு முகிழ்கள் வரிசையாக நிற்றலைக் காணலாம். அவற்றால் அக்கண்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. இரவின் சிறிதளவு ஒளியும் வீணாகாமல் உள்ளே செல்கின்றது. கண் பளபளத்துப் பகைவர்க்குக் காட்டிக் கொடுப்பதும் இல்லை.

ஒளி வீணாகாமல் காத்தல் மின்னாற்றல் துறையில் பெரும்பயன் தருவது. கதிரொளியை மின்சாரமாக்கும் தகடுகள் சிலிக்கன் என்னும் பொருளால் ஆனவை. மெருகிட்ட வெறுஞ் சிலிக்கன் தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு முப்பது பங்கிற்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு நெல்லை வாயிலிலேயே சிந்திவிட்டு, எஞ்சியதைக் களஞ்சியத்திற் சேர்ப்பது போன்றது அது. சிலிக்கன் நைட்ரைடு என்னும் பொருளை ஏறத்தாழ 75 நானோமீட்டர் தடிப்பிற் படியவைத்தபோது இவ்விழப்பு மிகக் குறைந்தது. வீட்டுக் கூரைகளின்மேல் உள்ள தகடுகள் பல கருநீலமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். அப்படலம் பிற நிறங்களை உள்ளே ஏற்று, நீல ஒளியில் மட்டும் சிறிதளவைத் திருப்பி விடுகின்றது.

சாளரக் கண்ணாடிகளிலும் இம்மதகு அமைந்துள்ளது. பத்து நானோமீட்டர் அளவே தடிப்புடைய வெள்ளிப் படலத்தைக் காப்புப் படலங்களுக்கிடையே வைத்துக் கண்ணாடியிற் படியவிட்டால், கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் உள்ளே வரும். அகச்சிவப்புக் கதிரோ பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படும். குளிர் நாட்டில் அறையின் வெப்பம் வெளியேறாமலும், வெம்மை மிக்க நாட்டில் புறவெப்பம் உட்புகாமலும் இஃது காக்கின்றது.

விளக்குகளின் வரலாறும் இத்தகையதே. பழைய இழை விளக்கு தான் உண்ட மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானதையே ஒளியாகத் தந்து, மற்றதை வெப்பமாகக் கழித்தது. இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா என்னும் மூவர், காலியம் நைட்ரைடு என்னும் பொருளில் சில நானோமீட்டர் தடிப்புள்ள அடுக்குகளை அமைத்து, நீல ஒளி தரும் சிறு விளக்கை ஆக்கினர். அந்நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் ஒளியாக மாற்றும் பூச்சினைச் சேர்த்தபோது வெள்ளொளி பிறந்தது. இன்று இல்லந்தோறும் எரியும் எல்.இ.டி. விளக்கு இதுவே. அம்மூவரும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

இவையனைத்தினும் வியப்புக்குரியது, வெயிலில் கிடந்தே குளிரும் பொருளாகும். அதன் அடிப்படையைப் பண்டைய வழக்கம் ஒன்று காட்டுகின்றது. பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் தோன்றுவதற்கு முன்பே, அலகாபாத்து முதலிய வட இந்திய ஊர்களில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி செய்து வந்தனர். சர் ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் 1775ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதியுள்ளார். திறந்த வெளியில் ஆழமில்லாப் பள்ளங்கள் தோண்டி, உலர்ந்த சருகுகளைப் பரப்பி, அவற்றின்மேல் மண் தட்டுக்களை வைத்து, மாலையில் நீர் ஊற்றுவர். விடியுமுன் அந்நீரில் பனிக்கட்டி தோன்றியிருக்கும். சூழ்ந்திருக்கும் காற்று நீரை உறையச் செய்யும் அளவு குளிராதபோதும் இது நிகழ்ந்தது.

இதன் காரணம் யாது? எப்பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக ஓயாது வெளியிடுகின்றது. அக்கதிரில் பெரும்பகுதியைக் காற்று மண்டலத்தில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் பற்றிக்கொண்டு, ஒரு பங்கை நிலத்திற்கே திருப்பித் தருகின்றன. ஆயினும் 8000 முதல் 13000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்களைத் தெளிந்த வானம் பெரும்பாலும் தடுப்பதில்லை. காற்று மண்டலம் என்னும் கூரையில் திறந்திருக்கும் சாளரம் போன்றது அப்பகுதி. அச்சாளரத்தின் வழியே வெப்பம் எல்லையற்ற வெளியை நோக்கிச் சென்றுவிடுகின்றது. நீர் ஆவியாதலும் இவ்வாறு வெப்பத்தை இழத்தலும் சேர்ந்தே மண் தட்டிலுள்ள நீரை உறையச் செய்தன.

இரவில் இது எளிது. பகலில் செய்ய முயன்றோர் இடர்ப்பட்டனர். அவ்விடரினைக் கணக்கிட்டு நோக்குதல் நன்று. அச்சாளரத்தின் வழியே ஒரு சதுர மீட்டர்ப் பரப்பு வெளியே அனுப்பத்தக்க ஆற்றல் மிகச் சிறந்த நிலையிலும் 100 வாட் அளவை ஒட்டியே அமைகின்றது. நண்பகலில் அதன்மேல் விழுவதோ 1000 வாட். வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பரப்பும் எஞ்சிய பத்துப் பங்கை, அஃதாவது 100 வாட்டை, உட்கொண்டுவிடும். வரவும் செலவும் ஒத்துவிடுவதால் குளிர்ச்சி என்பது எஞ்சுவதில்லை. தொண்ணூற்றேழு பங்கைத் திருப்புமாயின், உட்கொள்வது 30 வாட்டே ஆகும்; அப்போது குளிர்ச்சி மிஞ்சும். தொண்ணூறுக்கும் தொண்ணூற்றேழுக்கும் உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், வெற்றியும் தோல்வியும் அவ்வேழு பங்கிலேயே அடங்கியிருந்தன.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சான்ஹூய் பான், ஆஸ்வத் இராமன் ஆகியோரைக் கொண்ட குழுவினர் 2014ஆம் ஆண்டில் இத்தடையைக் கடந்தனர். வெள்ளிப் படலத்தின்மேல் ஹாப்னியம் ஆக்சைடு, சிலிக்கன் ஆக்சைடு என்னும் இரு பொருள்களை மாறிமாறி ஏழு அடுக்குகளாகப் படியவைத்தனர். ஏழின் மொத்தத் தடிப்பும் இரண்டாயிரம் நானோமீட்டருக்குள் அடங்கும். கீழுள்ள நான்கு மெல்லிய அடுக்குகளும் வெள்ளியுடன் சேர்ந்து வெயிலைத் திருப்புகின்றன. மேலுள்ள மூன்று தடித்த அடுக்குகளும் வெப்பத்தை வானச் சாளரத்திற்குரிய கதிராக மாற்றி அனுப்புகின்றன. ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் கணக்கிட்டு வகுத்தமையால், ஒரே தகடு வெயிலுக்கு மூடிய கதவாகவும் வெப்பத்திற்குத் திறந்த கதவாகவும் ஆயிற்று. வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கை அது திருப்பிற்று. கட்டடக் கூரையின்மேல், சதுர மீட்டருக்கு 850 வாட்டிற்கு மேற்பட்ட நேர் வெயிலில் வைத்தபோதும், சூழ்ந்த காற்றினும் 4.9 பாகை செல்சியஸ் குளிர்ந்திருந்தது. அதற்கு மின்சாரம் ஒரு துளியும் செலவாகவில்லை. பிறகு இத்தகைய தகடுகளின் அடியில் நீரைச் செலுத்தி, அந்நீரைக் குளிர்விக்கும் முறையையும் அக்குழுவினர் செய்து காட்டினர்.

அடுத்த ஆண்டில் மற்றொரு வியப்பு வெளிப்பட்டது. சகாராப் பாலைவனத்தின் வெள்ளி எறும்பு, பிற உயிர்கள் நிழலை நாடும் நண்பகலில் இரை தேடிச் செல்வது. அதன் உடலைப் போர்த்தியுள்ள மயிர்கள் முக்கோண வடிவின எனவும், அவை வெயிலைத் திருப்புவதோடு உடல் வெப்பத்தைக் கதிராக வெளியிடவும் உதவுகின்றன எனவும் 2015ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துரைத்தனர். மனிதன் அரிதின் முயன்று கண்ட வழியைச் சிற்றெறும்பு முன்னமே தன் உடலிற் கொண்டிருந்தது.

வெள்ளியும் ஹாப்னியமும் விலை மிக்கவை. எளியோர் கூரைக்கு எளிய பொருளே ஏற்றது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் 2021ஆம் ஆண்டில் பேரியம் சல்பேட்டு என்னும் மலிவான பொருளைக் கொண்டு வெண்பூச்சு ஒன்றைச் செய்தனர். அது வெயிலில் நூற்றுக்கு 98.1 பங்கைத் திருப்பவல்லது. அதில் உள்ள துகள்கள் ஒரே அளவினவாக இல்லாமல் பல அளவினவாக உள்ளன. ஒளியின் ஒவ்வோர் அலைநீளத்தையும் அதற்கேற்ற அளவுள்ள துகள் சிதறச் செய்து திருப்புகின்றது என்பதே அதன் நுட்பம்.

இவ்வாராய்ச்சிகளின் இன்றியமையாமையை உணர, குளிர்ப்பெட்டிகளின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பன்னாட்டு ஆற்றல் முகமை 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் கட்டடங்களில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குளிர்ப்பெட்டிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் செல்கின்றது. அப்போது உலகில் 160 கோடியாக இருந்த குளிர்ப்பெட்டிகள் 2050ஆம் ஆண்டில் 560 கோடியாகக்கூடும் எனவும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. குளிர்ப்பெட்டி அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை. அதனைத் தெருவில் தள்ளுகின்றது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற நிலக்கரி எரிக்கப்படுமாயின், கரியமில வாயு பெருகி உலகின் வெம்மையும் பெருகும். வெம்மை பெருகப் பெருகக் குளிர்ப்பெட்டிகளும் பெருகும். இச்சுழலில் பொருளுடையோர் குளிர்ந்த அறையில் இருப்பர். இல்லாதோர், பிறர் வீட்டு வெப்பமும் சேர்ந்த தெருவில் வாடுவர். இச்சுழலை அறுத்தல் வேண்டுமாயின், மின்சாரமின்றிக் குளிர்விக்கும் கூரையும், வெப்பத்தைத் தடுக்கும் சாளரமும், குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும் விளக்கும் எல்லார்க்கும் கிட்டுதல் வேண்டும்.

இப்படலங்களுக்கும் குறைபாடுகள் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்திருப்பினும் மேகம் சூழ்ந்திருப்பினும் வானச் சாளரம் பெரும்பகுதி மூடிக்கொள்ளும். ஆதலின் வறண்ட நாட்டில் சிறக்கும் கூரை, கடலோர நகரில் அத்துணைச் சிறவாது. தூசி படிந்தால் வெண்பரப்பின் ஆற்றல் குன்றும். குளிர்காலம் கடுமையாக உள்ள நாட்டில், வேண்டாத பருவத்திலும் கூரை குளிர்விக்கும். பெரும்பரப்பில் குறைந்த விலையில் படலம் அமைத்தலும் எளிய செயலன்று. இக்குறைகளைக் களைதல் இனிவரும் ஆராய்ச்சியாளர் கடனாகும். மதகு அமைத்தவுடன் உழவனுடைய வேலை முடிந்துவிடுவதில்லை. பருவம் அறிந்து திறக்கவும் மூடவும் வேண்டுமன்றோ?

குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றியவர் ஒருவர். பாத்திரம் கழுவிய நீரைக் கூர்ந்து நோக்கியவர் ஒருவர். அந்நீரின் படலத்தைக் கண்ணாடியில் ஏற்றியவர் ஒருவர். படலத்தின்மேல் படலம் அடுக்கிக் கூரையைக் குளிரச் செய்தவர் மற்றொரு குழுவினர். நாட்டாலும் காலத்தாலும் வேறுபட்ட இவர்கள், சிறிய பொருளைச் சிறிதென்று இகழாமல் நோக்கினமையால் ஒரே சங்கிலியின் கண்ணிகள் ஆயினர். புதிதாக ஆக்கும் ஆற்றலினும், வீணாகாமல் காத்த ஆற்றல் சிறந்தது. அதற்குப் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. அவ்வாறு காக்கும் வழிகளை ஆராய்ந்து, எளியோர் கூரைக்கும் அவை எட்டுமாறு செய்தல் கற்றோர் கடமையாகும்.

பயிற்சி

1. பிளாட்ஜெட் அம்மையார் அமைத்த கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்பாமைக்குக் காரணம் யாது? ஆற்றல் எங்கே சென்றது?

2. ஆக்னெஸ் பொக்கெல்ஸின் வாழ்க்கையால் அறியப்படும் உண்மைகளைத் தொகுத்து எழுதுக.

3. வெயிலில் தொண்ணூறு பங்கைத் திருப்பும் பரப்பிற்கும், தொண்ணூற்றேழு பங்கைத் திருப்பும் பரப்பிற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு விளக்குக.

4. ‘ஒளிக்கு ஒரு மதகு’ என்னும் தலைப்பின் பொருத்தத்தை ஒரு பக்க அளவில் ஆராய்ந்து எழுதுக.